ஒரு குவார்ட்டர், இரண்டு பாட்டில்

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட கரிசலில் இருக்கிறது இளையரசனேந்தல். பழைய ஜமீன் ஊர். வருவாய்த் துறைக் கணக்கில் ஒரு மாவட்டம், ஊராட்சி ஒன்றியக் கணக்கில் இன்னொரு மாவட்டம் என்று வெகுகாலம் அலைக்கழிந்த பிர்காவுக்கு இதுதான் தலைமை ஊர். மானம் பார்த்த பூமி. உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம் என்று எதைப் போட்டாலும் வானம் மனசு வைக்க வேண்டும். வானம் கைவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ், இல்லையென்றால் பட்டாசு ஆலை. அந்தக் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் இந்தப் பக்கத்து அம்மாக்கள் பிள்ளைகளைக் கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் சிவகாசிக்கும் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். பல வீடுகளில் அந்தப் பிள்ளைதான் கல்லூரி வாசலை மிதிக்கிற முதல் ஆள். சேர்க்கைப் படிவத்தோடு முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழை இணைத்துக் கொடுக்கிற வீடுகள் அவை.

அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை. பேருந்து நிறுத்தத்துப் பெட்டிக்கடையின் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு காலத்தில் அதில் கலர் இருந்தது. 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் பொவண்டோ, கோலி சோடா, பன்னீர் சோடா. விருந்தாளி வந்தால் கலர், கொடைக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் கலர், வயிறு மந்தமாக இருந்தால் சோடா. இன்று கண் மட்டத்துத் தட்டில் சிவப்புப் பாட்டில்களும் நீளமான டின்களும் நிற்கின்றன. எனர்ஜி ட்ரிங்க். ரெட்புல் டின் நூறு ரூபாய்க்கு மேல். அதை நகரத்துப் பையன்கள் வாங்கினார்கள். பெப்சி நிறுவனம் 2017-ல் இந்தியாவில் இறக்கிய ஸ்டிங், பின்னர் 250 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் 20 ரூபாய்க்கு வந்தபோது கதை மாறியது. பேருந்துக் காசு போக மிஞ்சுகிற சில்லறையில் வாங்கிவிடலாம். கிராமத்துப் பெட்டிக்கடைக்கு இந்தப் பானம் நுழைந்த வழி அந்த இருபது ரூபாய்தான்.

இந்தப் பானம் பிறந்த இடத்தைச் சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். 1962-ல் ஜப்பானில் லிப்போவிட்டான் என்ற சிறு பாட்டில் டானிக் வந்தது. அதே வழியில் 1970-களில் தாய்லாந்தில் சாலியோ யூவித்யா என்பவர் கிராத்திங் டேங் என்ற பானத்தைத் தயாரித்தார். குடித்தவர்கள் லாரி டிரைவர்களும் ஆலைத் தொழிலாளர்களும். ஆஸ்திரியாக்காரர் டீட்ரிக் மாதெஷிட்ஸ் அதைச் சுவைத்துப் பார்த்து, கூட்டுச் சேர்ந்து, கேஸ் ஏற்றி, 1987-ல் ரெட்புல் என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்றார். இரவு ஷிப்டு பார்க்கிற உடம்புக்காக வந்த பானம் அங்கே நடன விடுதிகளுக்குள் போனது. போன இடத்தில் வோட்காவோடு சேர்ந்தது. அந்தச் சேர்க்கைதான் பின்னாளில் கல்லூரி வளாகங்களுக்குள் வந்தது.

நம் பையன்கள் இதைத் தொடங்குவது போதைக்காக அல்ல. செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய இரவு, அரியர் பேப்பர், புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாள். சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபத்துக் கேட்டரிங் வேலைக்குப் போகிற மாணவர்கள் ஏராளம். விடிய விடியப் பந்தி பரிமாறிவிட்டுத் திங்கள்கிழமை முதல் வகுப்புக்கு வந்து உட்கார வேண்டும். தூக்கத்தைத் தள்ளிப்போட ஒரு பாட்டில். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே பையன் நண்பனின் பிறந்தநாள் ட்ரீட்டில் உட்காரும்போதுதான், கையில் இருக்கிற அதே பாட்டில் வேறு வேலை செய்யத் தொடங்குகிறது. சரக்கின் கசப்பைத் தண்ணீர் மறைக்காது, இது மறைக்கும். குடித்த பிறகு கண் சொக்காது. ஆட்டம் பாட்டம் நீளும். “எனக்கு ஏறவே இல்ல மாப்ள” என்பது அந்த வட்டத்தில் பெருமையான பேச்சு.

அந்தப் பேச்சில்தான் ஆபத்து முழுவதும் அடங்கியிருக்கிறது.

ராஸ்லின் என்ற சிற்றூரில்

2010 அக்டோபர் 8. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ராஸ்லின் என்ற சிறிய ஊரில் ஒரு வீட்டு விருந்து. வந்தவர்கள் சென்ட்ரல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள். அன்றிரவு அவர்களில் ஒன்பது பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எல்லோரும் 17-லிருந்து 19 வயதுக்குள். பிள்ளைகள் கிடந்த கிடப்பைப் பார்த்த காவல்துறை, யாரோ பானத்தில் மயக்க மருந்து கலந்துவிட்டார்கள் என்றே முதலில் சந்தேகப்பட்டது. இரத்தப் பரிசோதனையில் அப்படி எதுவும் இல்லை. சாராயம் இருந்தது, சிலருக்கு உயிரைப் பறிக்கக்கூடிய அளவுக்கு இருந்தது. அவர்கள் குடித்தவற்றில் முக்கியமானது ஃபோர் லோகோ என்ற டின் பானம்.

ஃபோர் லோகோவைத் தயாரித்தவர்கள் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்து வெளிவந்த மூன்று இளைஞர்கள். தங்கள் கல்லூரி நாட்களில் எனர்ஜி ட்ரிங்கையும் மதுவையும் கலந்து குடிக்கிற பழக்கத்தைப் பார்த்தவர்கள், இரண்டையும் ஒரே டின்னில் அடைத்தார்கள். 695 மில்லி டின், 12 சதவீத ஆல்கஹால், கூடவே காஃபீன், டாரின், குவாரானா. ராஸ்லினுக்கு முந்தைய வாரங்களில் நியூ ஜெர்சியின் ராமப்போ கல்லூரியிலும் மதுவால் மாணவர்கள் மருத்துவமனைக்குப் போக, அந்தக் கல்லூரி இந்தப் பானத்தை வளாகத்துக்குள் தடை செய்திருந்தது. 2010 நவம்பர் 17 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நான்கு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மதுவில் சேர்க்கப்படும் காஃபீன் பாதுகாப்பற்ற சேர்மானம் என்றது கடிதம். ஃபோர் லோகோவிலிருந்து காஃபீன், டாரின், குவாரானா மூன்றும் நீக்கப்பட்டன. காஃபீன் கலந்த அந்த டின்னின் கதை அத்தோடு முடிந்தது.

இப்போது ஒரு கணக்கு. நம்மூர் குவார்ட்டர் 180 மில்லி. டாஸ்மாக் பிராந்தியிலும் ரம்மிலும் ஆல்கஹால் 42.8 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். ஃபோர் லோகோ டின்னில் 83 மில்லி, சுமார் 66 கிராம். ஏறத்தாழ ஒன்றுதான். இந்தியாவில் எனர்ஜி ட்ரிங்கில் லிட்டருக்கு 145-லிருந்து 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதாவது 250 மில்லி பாட்டிலில் அதிகபட்சம் 75 மில்லிகிராம். ஒரு குவார்ட்டருக்கு இரண்டு பாட்டில் கலந்தால் 150 மில்லிகிராம் வரை போகும். ஃபோர் லோகோவில் இருந்ததும் அதை ஒட்டிய அளவுதான்.

அமெரிக்கா 2010-ல் சந்தையை விட்டு விரட்டிய அதே கலவையை, ஏறக்குறைய அதே அளவில், நம் பிள்ளைகள் கம்மாய்க் கரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் டம்ளரில் தயாரித்துக்கொள்கிறார்கள். செலவு இருநூறு ரூபாயைச் சுற்றி. தயாரித்து விற்கிற கம்பெனி என்று ஒன்று இல்லாததால் கடிதம் அனுப்பவும் ஆள் இல்லை.

உடம்புக்குள் நடப்பது

நாள் முழுவதும் உழைக்கிற மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தன் இடத்தில் போய் ஒட்டும்போது நமக்குக் கண் சொக்குகிறது. காஃபீன் அந்த இடத்தை முந்திப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். தூக்கம் வராததற்குக் காரணம் அவ்வளவுதான். புதிதாக எந்தச் சக்தியும் உடம்புக்கு வந்துவிடவில்லை. மது எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. மூளையின் வேகத்தைக் குறைக்கிறது, நிதானத்தைக் குலைக்கிறது, அளவு கூடினால் மூச்சு விடச் சொல்கிற பகுதியையே அமுக்குகிறது. சாதாரணமாகக் குடிக்கிறவருக்கு ஒரு கட்டத்தில் தலை சுற்றும், கண் செருகும், போதும் என்று உடம்பே சொல்லும். காஃபீன் தடுப்பது அந்தச் சொல்லை மட்டும்தான். இரத்தத்தில் ஏறுகிற மதுவை அது ஒரு துளியும் குறைப்பதில்லை.

கரிசல் விவசாயிக்கு இது நன்றாகத் தெரிந்த சங்கதி. பம்புசெட்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடிமனான கம்பியை முறுக்கிச் செருகினால், மோட்டார் நிற்காமல் ஓடும். காயில் கருகிற வரைக்கும் ஓடும்.

கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் ஆல்கஹாலைத்தான் செரிக்கும். குவார்ட்டரின் 61 கிராம் கரைய ஆறிலிருந்து ஒன்பது மணி நேரம் வேண்டும். கருப்புக் காபி, எலுமிச்சைச் சாறு, மோர், பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் இதை ஒரு நிமிடம்கூட விரைவாக்காது. காஃபீன் பாதியாகக் குறைய சுமார் ஐந்து மணி நேரம். இரவு பத்து மணிக்குக் குடித்து முடித்தவன் பன்னிரண்டு மணிக்குத் தெளிவாகத்தான் பேசுவான். பைக் சாவியையும் கேட்பான்.

பிரேசிலின் சாவோ பாலோவில் நடந்து 2006-ல் வெளியான ஒரு ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. 26 இளைஞர்களுக்குத் தனித்தனி நாட்களில் மது மட்டும், எனர்ஜி ட்ரிங்க் மட்டும், இரண்டும் சேர்த்து என்று கொடுத்துப் பார்த்தார்கள். சேர்த்துக் குடித்த நாளில் தலைவலி, சோர்வு, கைகால் தடுமாற்றம் எல்லாம் குறைவாக இருப்பதாக அவர்களே சொன்னார்கள். கருவிகள் வைத்து அளந்தபோது தடுமாற்றம் குறையவில்லை. எதிர்வினை வேகமும் தேறவில்லை.

அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் மேரி கிளேர் ஓப்ரையன், வட கரோலினாவின் பத்துப் பல்கலைக்கழகங்களில் 4,271 மாணவர்களிடம் கேட்டு 2008-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. முந்தைய 30 நாட்களில் மது அருந்தியவர்களில் 24 சதவீதம் பேர் எனர்ஜி ட்ரிங்க் கலந்து குடித்திருந்தார்கள். கலந்து குடித்தவர்கள் குடிபோதையில் இருப்பவர் ஓட்டுகிற வண்டியில் ஏறுவதும், காயப்படுவதும், பாலியல் அத்துமீறலுக்கு ஆளாவதும் மற்றவர்களைவிட அதிகம். ஃபுளோரிடாவின் ஒரு கல்லூரி நகரத்தில் மதுக்கூட வாசலில் நின்று 2010-ல் செய்த ஆய்வு, கலந்து குடித்தவர்கள் கடும் போதையோடு வெளியே வரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்றது. வண்டி ஓட்டப் போவதாகச் சொல்லும் வாய்ப்பு நான்கு மடங்கு.

இதற்கு மறுப்பும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். கலந்து குடிக்கிறவர்கள் இயல்பிலேயே துணிச்சல்காரர்கள், பானம் அவர்களை மாற்றவில்லை, அதே ஆள் கலக்காத நாளில் குடிப்பதைவிடக் கலந்த நாளில் கூடுதலாகக் குடிப்பதில்லை என்று சில ஐரோப்பிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த வரிசை ஆய்வுகளில் சிலவற்றுக்கு எனர்ஜி ட்ரிங்க் நிறுவனத்தின் நிதி இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு வாதத்தை மட்டும் பார்த்தாலும், துணிச்சல்காரப் பையனின் கையில் போதையை மறைக்கிற பானத்தைக் கொடுப்பது நல்லது என்று அதிலிருந்து யாரும் முடிவுக்கு வர முடியாது.

இன்னொரு கேள்வி டீக்கடையிலேயே எழும். “காபியில இல்லாத காஃபீனாய்யா?” நியாயமான கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி 150 மில்லி டிகாக்ஷன் காபியில் 80-லிருந்து 120 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது அது. ஆகவே ஒரு பாட்டில் எனர்ஜி ட்ரிங்க் ஒரு காபிக்கு மேல் பூதம் அல்ல. ஆனால் கொதிக்கிற காபியை ஆற்றி ஆற்றித்தான் குடிக்க முடியும். ஐஸ் குளிரில் இனிக்கிற பானம் மூன்று மடக்கில் போய்விடும். எவரும் பிராந்தியில் ஃபில்டர் காபியை ஊற்றிக் குடிப்பதும் இல்லை. தனியாகக் குடித்தால் பெரும்பாலான இளைஞர்களுக்குப் படபடப்போடு போய்விடும் பொருள்தான், மதுவோடு சேர்கிற இடத்தில் ஆளைக் கொல்லக்கூடியதாகிறது.

இருபத்தொன்றும் இருபது ரூபாயும்

தமிழ்நாட்டில் மது வாங்கக் குறைந்தபட்ச வயது 21. பதினேழரை, பதினெட்டில் கல்லூரிக்குள் நுழைகிற பையன் மூன்று ஆண்டு இளங்கலை முடித்து வெளியே வரும்போது அந்த வயதைத் தொட்டும் தொடாமலும்தான் இருப்பான். பொறியியல் படிப்பவர்களில் இறுதியாண்டுக்காரர்கள் மட்டும் அந்த வயதை எட்டியிருக்கலாம். ஆக, இளங்கலை வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் குவார்ட்டர் விற்பது சட்டமீறல். விற்கிற கடை அரசாங்கத்தின் கடை. 1983-ல் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2024-25-ல் அதன் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். தனியார் கடைக்காரரிடம் வயதுச் சான்று கேட்கச் சொல்வது கடினம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். அரசு ஊதியம் கொடுக்கிற விற்பனையாளர் கேட்க முடியாது என்பதை எப்படி ஒப்புக்கொள்வது? 2015 ஆகஸ்டில் மதுக்கடைக்கு எதிராகச் சென்னைச் சேத்துப்பட்டில் இறங்கிப் போராடி அடிபட்டவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். ‘மாணவர்களே இப்படித்தான்’ என்று ஒரே வாயில் பேசுகிறவர்கள் அந்த நாளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனர்ஜி ட்ரிங்குக்கு அந்தக் காகித வயதும் இல்லை. பாட்டிலில் அதிக காஃபீன் என்று எழுத வேண்டும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உகந்ததல்ல என்று எழுத வேண்டும், நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று எழுத வேண்டும், விதி அவ்வளவுதான். எழுதியும் இருக்கிறார்கள், பொடி எழுத்தில். உணவுப் பொட்டல விதிகளின்படி ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் எழுதினால் போதும். தமிழ் கட்டாயமில்லை. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்த பையனும் கடையில் உட்கார்ந்து விற்கிற அக்காவும் படிக்கவே முடியாத எச்சரிக்கையை வைத்துக்கொண்டு, எச்சரித்துவிட்டோம் என்று சொல்வது எனக்குச் சகிக்கவில்லை. விளம்பரம் மட்டும் அழகான தமிழில் வருகிறது.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் நினைத்தால் நடக்கும். 2015-ல் மான்ஸ்டர் உள்ளிட்ட சில எனர்ஜி ட்ரிங்குகளில் காஃபீனும் ஜின்செங்கும் சேர்ந்திருப்பது ஏற்கத்தக்கதல்ல என்று சொல்லிச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைத்தது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-ல் விதி செய்தது. கல்லூரிக்கு அந்த விதி பொருந்தாது. லித்துவேனியா 2014-லும் லாத்வியா 2016-லும் போலந்து 2024-லும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எனர்ஜி ட்ரிங்க் விற்பதைத் தடுத்துவிட்டன. இந்தியாவில் பஞ்சாப் 2025-ல் பள்ளிகளைச் சுற்றித் தடை போட்டது. தமிழ்நாடு 18 வயது வரம்பையும், ‘மதுவோடு கலக்காதீர்’ என்ற இரண்டே சொல்லைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடுவதையும் கேட்டுப் பெற்றால், அதனால் எந்தக் கம்பெனியும் மூழ்கிவிடாது.

நண்பன் விழுந்து கிடந்தால்

இந்தப் பக்கத்துச் சாலைகள் இரவில் இருட்டு. கிளைச் சாலைகளில் விளக்கு கிடையாது. மக்காச்சோளம் ஆளுயரம் நிற்கிற மாதங்களில் வளைவும் தெரியாது. காட்டுப்பன்றி குறுக்கே ஓடும். மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலை வரம்பாக வைத்திருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள பையன் ஒரு மணி நேரத்தில் ஒரு குவார்ட்டரை முடித்தால் அந்த வரம்பைப் போல நான்கு மடங்குக்கும் மேலே போய்விடுவான். கலந்து குடித்தவனுக்கு அது தெரியாது. நண்பர்களுக்கும் தெரியாது, நேராக நிற்கிறான், ஒழுங்காகப் பேசுகிறான், பிறகு எதற்குச் சாவியைப் பிடுங்குவது என்றுதான் அவர்களுக்கும் தோன்றும். ஆகவே ஆளைப் பார்த்து முடிவு செய்யாமல், எத்தனை டம்ளர் போனது என்பதை எண்ணி முடிவு செய்ய வேண்டும்.

வண்டியில் போகாதவனுக்கும் ஆபத்து நீங்கிவிடவில்லை. விடுதி மொட்டை மாடியிலோ தோட்டத்து அறையிலோ “தூங்கட்டும், காலையில சரியாயிரும்” என்று விட்டுவிட்டு வருகிற நண்பர்கள் நல்லவர்கள்தான், தெரியாமல் செய்கிறார்கள். தட்டி எழுப்பினால் எழவில்லை, தூக்கத்திலேயே வாந்தி வருகிறது, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடி இடைவெளி, உதடு நீலம் பாய்ந்து உடம்பு சில்லிட்டிருக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலே 108-ஐக் கூப்பிட வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மல்லாக்கப் படுத்தவன் வாந்தி மூச்சுக்குழாயில் போய்ச் சாகக்கூடும். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று தொண்டைக்குள் விரலை விடக் கூடாது, மோர் ஊற்றக் கூடாது. வண்டி வரும்வரை ஒருவராவது பக்கத்தில் இருந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். எனர்ஜி ட்ரிங்கும் குடித்திருக்கிறான் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஏன் கூப்பிடுவதில்லை? பயம். வார்டனுக்குத் தெரிந்தால் சஸ்பெண்டு, பெற்றோரைக் கூட்டி வரச் சொல்வார்கள், டிசி கொடுத்துவிடுவார்கள். தீப்பெட்டி ஆபீசில் பசை ஒட்டிய கையோடு அம்மா வந்து முதல்வர் அறை வாசலில் நிற்பதை நினைத்தே அந்தப் பையன்கள் போனை எடுப்பதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-ல் இதற்கு ஒரு வழி கண்டது. குடித்து ஆபத்தில் இருக்கிற நண்பனுக்காக உதவி கேட்டு அழைப்பவர் மீதும், காப்பாற்றப்பட்டவர் மீதும் குடித்ததற்கான ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதில்லை. பதிலாக ஆலோசகரைச் சந்திக்கச் சொல்வது. அதன் பிறகு பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதை ஏற்றுக்கொண்டன.

நம் கல்லூரிகளில் போதை எதிர்ப்பு மன்றங்கள் இருக்கின்றன. 2022 ஆகஸ்டிலிருந்து உறுதிமொழியும் எடுக்கிறோம். அந்த உறுதிமொழிக்குப் பக்கத்தில் இன்னொரு அறிவிப்பை விடுதிப் பலகையில் ஒட்ட வேண்டும்: “உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கும் மாணவருக்காக 108-ஐ அழைப்பவர் மீது நடவடிக்கை கிடையாது.” முதல்வரின் கையெழுத்தோடு, தமிழில். கீழே இரண்டு எண்கள்: மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. இதற்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். கோவில்பட்டியிலும் சங்கரன்கோவிலிலும் உள்ள கல்லூரிகள் அடுத்த செமஸ்டர் தொடங்குவதற்குள் இதைச் செய்துவிடலாம்.